சோத்துமலை கரைந்தது

"போதும் சித்தி, போதும்! ஒரு கரண்டிக்கு மேல வேண்டாம்."

தட்டின் குறுக்கே விழுந்த கையைப் பார்த்ததும் சமையல்காரச் சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அச்சகத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் கரண்டியை மறிக்க முதலாளிக்கே துணிச்சல் கிடையாது.

மறித்தது யார்? சோத்துமலை! நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அட்டைப்படம் வரைகிற இருபத்தாறு வயதுப் பையன். சோற்றைக் குவித்து, பக்கத்தில் உருளைக்கிழங்கைக் குவித்து, போதாதென்று ரொட்டியும் கேட்பான் என்பதால் வந்த பெயர். அவன் சாப்பிடுவதைப் பார்த்தாலே சித்திக்கு வயிறு நிறைந்துவிடும். மூன்று மாதமாக அந்தத் தட்டில் மலையும் இல்லை, மடுவும் இல்லை. கைப்பிடிச் சோறு, மீதியெல்லாம் பீன்ஸும் கீரையும். சாப்பிட்ட கையோடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடை வேறு.

"மாடு தின்கிறதைத் தின்னுட்டு மாடு மாதிரியே சுத்துறே. செக்கு ஒண்ணுதான் பாக்கி," என்றாள் சித்தி.

"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம் சித்தி. சோறு, கிழங்கு, மைதாவைக் குறைச்சு, நல்லா நடந்தா கரையுமாம். மறுபடி ஸ்கேன் எடுத்திருக்காங்க. இன்னிக்கு முடிவு தெரிஞ்சிடும்."

"இந்த வயசுலயா கொழுப்பு?"

"இப்பல்லாம் இந்த வயசுலயே வருதாம்."

"கதை விடாதடா," என்று எதிர் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தார் பைண்டிங் அண்ணன். "போன வருஷமும் டாக்டர் இதையேதான் சொன்னாரு. நீ அன்னிக்கு ரெண்டு கரண்டி சேத்துப் போட்டுக்கிட்டே. இப்ப கேக்கறேன்னா நடுவுல ஒரு பொண்ணு இருக்கு, சித்தி."

பையன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். "இருக்குதான்."

"அடி சக்கை! யாருடா?"

"எங்க அக்கா பொண்ணு."

கூடமே பெஞ்சைத் தட்டி ஆரவாரம் செய்தது. "முறைப்பொண்ணு! எப்படா?"

"ஸ்கேன் சரின்னா அடுத்த வாரமே."

"சரியில்லேன்னா?" என்றாள் சித்தி.

அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. "வேற ஆளைத் தேடணும். அதுக்கு அவகாசமும் இல்ல. ஆகறதுக்கு முன்னாடி பேசவே பயமா இருக்கு சித்தி, விடுங்க."

கை கழுவ எழுந்து போனான். அவன் முதுகைப் பார்த்த சித்திக்கு நெஞ்சு கொதித்தது. வேற ஆளா? எள்ளளவு கொழுப்புக்காகத் தங்கமான பையனைத் தள்ளிவிட்டு வேறு மாப்பிள்ளையா? அப்படி எந்த ஊர் இளவரசி அவள்?

மேசை மேல் அவன் போன் அடித்தது. திரையில் 'அக்கா வீடு' என்று இருந்தது.

"எடுக்காதீங்க சித்தி, அடுத்தவன் போனு," என்றார் பைண்டிங் அண்ணன். சொல்லிக்கொண்டே, அவள் எடுத்த போனில் ஸ்பீக்கரையும் அவரே அமுக்கிவிட்டார்.

சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். "இந்தா பாரும்மா! பொண்ணா இருந்தாலும் சரி, பொண்ணைப் பெத்தவளா இருந்தாலும் சரி. உங்க வீட்டுக்காக என் பையன் பாதியா இளைச்சுட்டான். ஆசைப்பட்ட சோத்தைத் தொடாம, கண்ணால பாத்துட்டுப் போறான். இன்னிக்கு அந்த ஸ்கேன் என்ன சொன்னாலும் சரி, இவனை வேண்டாம்னு சொல்ற வேலை வெச்சுக்காதீங்க. இவனை மாதிரி ஒருத்தன் உங்களுக்கு எங்க தேடினாலும் கிடைக்க மாட்டான், ஆமா!"

ஈரக் கையோடு ஓடிவந்த பையன் அப்படியே நின்றான். பிறகு, மழலை மாறாத குரல் ஒன்று கூடம் முழுக்கக் கேட்டது.

"மாமா எங்க? மாமா ஈரல் நல்லாயிடுச்சாம்! அதுல ஒரு துண்டு வெட்டி எனக்கு வெச்சுடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு! மாமாவுக்கு அது திரும்ப வளந்துடுமாம், அழ வேண்டாம்னு சொல்லுங்க!"