ஆளுக்கொரு கல்

"அந்தக் கடைசி வரிய மட்டும் நான் வாசிக்க மாட்டேன் தம்பி," என்றாள் டீலியா.

ஃபின்டன் மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிடும் அவசரத்தில் இருந்தான். கால்வே நகரத்திலிருந்து வந்திருந்தான். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஊர்க்கதை சொல்லும் செயலி ஒன்றை நடத்தும் கம்பெனியின் ஆள். கைபேசியோடு இந்த மேட்டில் வந்து நின்றால் போதும், காதில் கதை தானாக ஓடும்.

இதுவரை ஓடியது டப்ளினில் யாரோ ஒரு நடிகை பேசியது. உள்ளூர்க் குரல் வேண்டும் என்று கேட்கிறார்களாம். அதனால் டீலியாவைப் பிடித்திருந்தான். வியாழக்கிழமைதோறும் பங்குக் கோயில் மண்டபத்தில் பிங்கோ ஆட்டத்துக்குக் குலுக்கி எடுத்த எண்களைக் கூவுகிறவள் அவள். எதிர்காற்றிலும் எடுபடுகிற குரல்.

செவ்வாய்க்கிழமை என்றால் வருகிறேன், வேறு நாள் என்றால் வேறு ஆளைப் பார் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். நல்ல சிவப்புக் கோட்டு ஒன்றையும் போட்டு வந்திருந்தாள். குரல் பதிவுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று அவன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

"எல்லாருக்கும் பிடிச்சதே அந்த வரிதான் டீலியா. அதையும் எடுத்துட்டா இந்த மேட்டுல வேற என்னங்க இருக்கு?"

அந்த வரி இதுதான்: தேவதைகளின் வெள்ளைக் கற்களில் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள், அதிர்ஷ்டம் கூடவே வரும்.

போன கோடை வரை அந்தப் புல்லில் காலை எங்கே வைத்தாலும் வெள்ளைக் கல் இடறும். இப்போது மேடு வழுக்கை விழுந்து கிடந்தது.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த ஊரில் ஒருவரும் இங்கே கால் வைத்ததில்லை. தேவதைகள் குடியிருக்கின்றன, கல்லைத் தொட்டால் கை முடங்கிப்போகும் என்று பெரியவர்கள் மிரட்டி வைத்திருந்தார்கள். டிராக்டர் ஓட்டுகிறவன்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

யாரும் வந்துவிடக் கூடாது என்று சொன்ன கதை. அதே கதையைச் சொல்லி இப்போது ஊரைக் கூட்டுகிறார்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு ஜெர்மன் தம்பதி நின்றிருந்தார்கள், காதில் இயர்போனோடு. கணவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மண்ணை ஊதினார். பைக்குள் போட்டார்.

டீலியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி, குடு," என்று ஃபின்டனின் கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தான். சிவப்புப் பொத்தான் பதிவு செய்ய, பச்சையை அழுத்தினால் அடுத்த நொடியே எல்லார் காதிலும் கேட்கும் என்று சொல்லியும் கொடுத்தான், பாவம்.

அவள் சிவப்பை அழுத்திவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இங்க தேவதையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஞானஸ்நானம் ஆகாம செத்த பிள்ளைங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துல இடமில்லன்னு கோயில் கதவச் சாத்திருச்சு. அப்பன்மாருங்க இருட்டுனப்புறம் பெட்டியத் தூக்கிட்டு வந்து இங்கதான் பொதச்சாங்க. பேரு எழுதக் கூடாது. அதனால தலைமாட்டுல ஒரு வெள்ளக் கல்லு. யாரும் தோண்டிறக் கூடாதுன்னுதான் எங்க ஊரு தேவதைக் கதையக் கட்டி விட்டுச்சு. உங்க பையில இருக்கறது ஒரு பிள்ளையோட கல்லு. எடுத்த எடத்துலயே வைங்க."

"ஐயோ டீலியா, என் வேலை போயிரும். பச்சைய மட்டும் அமுக்கிறாதீங்க!"

அமுக்கினாள். அவன் முகத்தைப் பார்த்தபடியே இன்னொரு தடவையும் அமுக்கினாள்.

ஜெர்மன்காரர் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பையைத் திறந்து கல்லை எடுத்துக்கொண்டு டீலியாவிடம் வந்தார். எடுத்த இடம் நினைவில்லை என்றார். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

அவள் அதை வாங்கி, நல்ல கோட்டின் கையிலேயே துடைத்தாள். வெறும் புல்லாகக் கிடந்த ஓர் இடத்தில் அழுத்தி வைத்தாள்.

ஃபின்டன் கைபேசியைத் திருப்பிக் கேட்கவில்லை. "அது யாரோட கல்லுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றான் மெதுவாக.

"எனக்கு எப்படித் தெரியும்? எங்கப்பாவே எந்தக் கல்லுன்னு சொல்லாமத்தான் போய்ச் சேந்தாரு."

அவனுக்கு விளங்கவில்லை.

டீலியா கோட்டுப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டாள். மேட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்று, பிங்கோ மண்டபத்தில் கூவுவது மாதிரியே கூவினாள்.

"அறுபத்தி மூணு!"

தூரத்தில் ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

"இன்னிக்குப் பொறந்தநாளு," என்றாள் அவனிடம். "எங்க ரெண்டு பேருக்கும். நான் அழுதுகிட்டே வந்தேன். என் பின்னாடியே வந்தவன் அழல."

எந்தக் கல் என்று தெரியாததால், எல்லாக் கற்களுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை கூவினாள்.