நாலாவது கோல்

“ஃபவுல்! ஃபவுல்!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினார் அப்புத்துரை. கத்திய வேகத்தில் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் பிய்ந்து தொங்கியது.

வீடியோ கேமில் அவருடைய ஆளைப் பின்னாலிருந்து இடறிவிட்டு, மனைவி அருந்ததி நாலாவது கோலையும் போட்டிருந்தாள்.

“ஆளுங்க ஓடுறது, புல்லு, கூட்டத்தோட சத்தம், எல்லாம் அசல் மாதிரியே செஞ்சிருக்கான். ரெஃப்ரிக்கு மட்டும் கண்ணே இல்லலா!”

“வெறும் கேம்தானேங்க.”

“நான் மட்டும் திடல்ல இருந்திருந்தா, அவன் மண்டையிலயே போத்தலை வீசியிருப்பேன்!”

அருந்ததி எழுந்து உள்ளே போனாள். கறுப்புச் சட்டையையும் விசிலையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“பாலிக் புலாவ் ஊர்த் திடல் மேட்ச்சுக்கு நேரமாச்சு, கிளம்புங்க. இன்னைக்காவது ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டே விசில் ஊதுங்க.”