கனடா டொக்டர்

“கையை எடும் தங்கச்சி. டொக்டர் பாக்காமல் இனி இந்தக் காலை ஒருத்தருக்கும் காட்ட மாட்டன்.”

குணசேகரம் போர்வையை இழுத்து வலது காலை மூடிக்கொண்டார். உடம்பு முப்பத்தொன்பது பாகைக்கு மேல் கொதித்தது. பிடிவாதம் அதற்கும் மேலே நின்றது.

நேசமலர் கையுறையைக் கழற்றாமல் கட்டிலருகே நின்றாள். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிற நேர்ஸ் அவள். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பதினொரு வருடமாக அதுதான் வேலை. நீரிழிவுக்காரரான குணசேகரத்தின் பெருவிரல் புண் நேற்றுவரை அடங்கித்தான் கிடந்தது. இன்று கட்டை அவிழ்த்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

“அண்ணை, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு விரலோடை தப்பலாம். பிந்தினால் காலே போயிடும்.”

“போனால் வெட்டிப்போடுவாங்கள். வெட்டுறதெண்டால் அதை ஒரு டொக்டர் சொல்லட்டும். நீர் நேர்ஸ்தானே? திங்கட்கிழமை பத்து மணிக்கு எனக்கு டொக்டரிட்டை டெர்மின் இருக்கு.”

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். மத்தியானத்தோடு டொக்டரின் கதவு பூட்டு. நேசமலர் இரண்டு தடவை அழைத்துப் பார்த்தாள், இயந்திரம்தான் பதில் சொன்னது. அம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆனால் வர மாட்டேன் என்று இந்த மனிதர் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், வந்தவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் டொக்டர் இதே புண்ணை இரண்டு நிமிடம் பார்த்தார். என்ன மருந்து போடலாம் என்று கூடப் போன அவளிடமே கேட்டு, அவள் சொன்னதையே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் குணசேகரம் அந்த மருந்துச் சீட்டை அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டி, “பாத்தீரே, டொக்டர் எண்டால் டொக்டர்தான்!” என்றார். ஜெர்மன்காரக் கிழவிகள்கூட அவள் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்கிறார்கள். சொந்தச் சனத்திடம்தான் இந்தப் பாடு.

மனைவி சந்திரகாந்தி கதவடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். “அவ சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவன்!”

“நீ பேசாமல் இரு. கனடாவுக்கு ஃபோன் எடு. அந்தோனிப்பிள்ளை டொக்டர் சொல்லட்டும், நான் போறன்.”

அந்தப் பெயரை நேசமலர் இந்த வீட்டில் நூறு தடவை கேட்டுவிட்டாள். நூற்றியோராவது தடவையும் அவர் விடவில்லை.

“உமக்குத் தெரியாது தங்கச்சி. தொண்ணூறிலை ஷெல் பட்ட கால் இது. மற்ற டொக்டர்மாரெல்லாம் ஊரை விட்டுப் போட்டினம், அவர் ஒருத்தர்தான் நிண்டவர். ஒண்டரை மாசம் ராப்பகலாய் ஆஸ்பத்திரி வார்ட்டிலேயே கிடந்து, தன்ர கையாலை மருந்து கட்டினவர். கால் தப்பும் எண்டார், தப்பினது. அவரெல்லோ டொக்டர்!”

நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் கண்ணால் காணாத காலுக்குக் கனடாவில் இருந்துகொண்டு என்ன சொல்லப் போகிறார்? ‘திங்கள் மட்டும் பொறு’ என்று வாய் தவறிச் சொன்னாலும் போதும், முடிந்தது கதை.

சந்திரகாந்தி புது ஃபோன் கார்டைச் சுரண்டி, நீளமான இலக்கங்களை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே காலை நேரம். முதியவரின் குரல் தெளிவாக வந்தது.

“ஆர், குணசேகரமோ? என்ன தம்பி, சுகமோ?”

குணசேகரம் வாயைத் திறக்குமுன் நேசமலர் முந்திக்கொண்டாள். புண், காய்ச்சல், சிவப்பு, நாற்றம், இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று மளமளவென்று சொல்லி முடித்தாள்.

“நேற்று மருந்து கட்டேக்க சிவப்பு எங்கை நிண்டது பிள்ளை?”

“விரலடியிலை, ஐயா.”

“நடுக்கம் இருக்கோ?”

“ஓம். மத்தியானம் துடங்கினதாம்.”

“குணசேகரம், இப்பவே வெளிக்கிடு. அந்தப் பிள்ளை சொல்லுறது சரி.”

நேசமலர் நிம்மதியாக மூச்சு விட்டாள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

“டொக்டர், உங்கட சொல்லுக்கு நான் மறுசொல்லுச் சொன்னதில்லை,” என்று இழுத்தார் குணசேகரம். “ஆனா நீங்கள் காலைக் காணேல்லை. கண்டது இவ. ஒரு நேர்ஸின்ர கண்ணை நம்பி நான் காலைக் குடுக்கிறதோ?”

“சொன்னதைக் கேள் தம்பி.”

“நேர்ஸ்மாரை எனக்குத் தெரியும் டொக்டர். ஊசி போடச் சொன்னால் போடுவினம். ஒரு காலைப் பாத்து, தப்பும் தப்பாது எண்டு முடிவு சொல்ல அவையாலை ஏலுமோ?”

நேசமலருக்குக் கோபம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. போனால் திங்கட்கிழமை இந்தக் கால் இருக்காது என்பதும் தெரிந்திருந்ததால் நின்றாள்.

கனடாவிலிருந்து சத்தமே இல்லை. கார்டில் காசு முடிந்துவிட்டதோ என்று சந்திரகாந்தி ஃபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, மறுபடி கட்டிலில் வைத்தாள்.

“டொக்டர்? நிக்கிறியளோ?” என்றார் குணசேகரம்.

மூச்சு ஒன்று கேட்டது. பிறகு முதியவர் மெதுவாகச் சொன்னார்:

“நானும் நேர்ஸ்தான், தம்பி.”