சிவப்பு எண்

தேக்கா சந்தைக்கு எதிரே, பன்னிரண்டாவது மாடித் தாழ்வாரம். தூரம் அளக்கும் பைனாகுலர்கள் இரண்டு கைப்பிடிச் சுவரின்மேல் இருக்கின்றன. விற்கிறவர் சுஜீந்திரன். வாங்க வந்த ரித்திக் அடுத்த மாதம் நியூசிலாந்துக்கு மான் வேட்டைக்குப் போகிறான். "சுவத்தக் குறிபாத்து வாங்காதீங்க தம்பி. மான் நிக்காது. நடக்கிற ஒண்ணப் பாருங்க லா." மாலை வெயிலில் கீழே கார்க் கூரைகள் கண்ணைக் கூசவைக்கின்றன. சாலையோரத்தில் அவன் மனைவி தாரகா காய்கறிப் பையோடு பச்சை விளக்குக்காக நிற்கிறாள். முதல் பைனாகுலரின் பொத்தானை அழுத்துகிறான். அது அவளை விட்டுவிட்டு, முன்னால் நிற்கும் மரத்தின் தூரத்தைக் காட்டுகிறது. "அது அப்படித்தான். இத எடுங்க." இரண்டாவதில் சிவப்பு எண் நேராக அவள் மார்பின்மேல் வந்து உட்காருகிறது. நூற்று நாற்பது மீட்டர். விளக்கு மாறுகிறது. அவள் நடக்க நடக்க எண்ணும் கூடவே குறைகிறது. நூற்று முப்பத்தைந்து. நூற்று முப்பது. பக்கத்து வீட்டு மூங்கில் கழியில் ஒரு போர்வை படபடக்கிறது. ரித்திக் மூச்சை அடக்கியிருக்கிறான். விரலைப் பொத்தானிலிருந்து எடுக்க வரவில்லை. "புடிச்சிடுச்சா?" "ம்." "மானா இருந்தா இந்நேரம் விழுந்திருக்கும்." சாலையைக் கடந்த தாரகா நின்று, தலை நிமிர்ந்து, மாடி மாடியாகத் தேடுகிறாள். கண்டுபிடித்துவிடுகிறாள். அவன் கண்ணுக்குள்ளேயே பார்த்துச் சிரித்து, பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று அசையாமல் நிற்கிறாள்.