வாலாம்பாளின் மடிப் புடவை

"தள்ளி நில்லுங்கோ! மடி!"

தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து கொல்லம் வண்டி கிளம்பும் முன்பே, வாலாம்பாள் மாமியின் குரல் பெண்கள் பெட்டி முழுக்கக் கேட்டது.

ஜன்னலோரப் பெஞ்சில் ஒரு பழைய புடவையை நாலாக மடித்து நீளமாக விரித்திருந்தாள். ஒரு ஓரத்தில் இன்னொரு துணிச் சுருள். இரண்டு பேர் தாராளமாக உட்காரும் இடம். அவளோ பெஞ்சின் நுனியில் ஒடுங்கிக்கொண்டிருந்தாள்.

வாலாம்பாள் வர்க்கலைப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். தினமும் இதே வண்டியில்தான் போவாள்.

எதிர்ப் பெஞ்சில் நர்ஸ் சுசீலாபாய்க்கு மூக்கு சிவந்துவிட்டது.

"பாத்தியாட்டீ நேசமணி? கரமனை அக்ரகாரத்தையே சுருட்டிக்கிட்டு வந்திருக்காவ!"

"அதானே அக்கா. போன வாரம் வரைக்கும் என் பொட்டலத்துல முறுக்கு எடுத்துத் தின்னாவல்லா? இப்ப என்ன திடீர் மடி?" என்றாள் நேசமணி. அவளும் டீச்சர்தான், கொல்லத்தில்.

"முறுக்கு கெடக்கட்டும். கழக்கூட்டத்துல எலிசாள் ஏறுவாளே, அவ எங்க உக்காருவா?"

நேசமணியின் முகம் வாடியது.

எலிசாள் நேசமணியின் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஏழாம் மாதம். நேற்று கழக்கூட்டத்திலிருந்து நின்றுகொண்டே வந்தவள், கடைக்காவூர் தாண்டியதும் மயங்கி விழுந்துவிட்டாள்.

"காலு ரெண்டும் பப்பாளிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. நின்னா புள்ளைக்கே ஆகாது, நீட்டி உக்காரணும்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் சுசீலாபாய்.

"லீவு எடுக்கவும் வழியில்லயே அக்கா. வேலை இன்னும் நிலையாகல்ல. இப்பப் போய் லீவு கேட்டா வேற ஆளை வச்சிருவாவ. அவ மாப்பிள்ளை யோசுவா அண்ணனுக்கு ஓடு செய்யுத ஆலையில கை நசுங்கினதுக்குப் பொறவு, வீட்ல அடுப்பு எரியதே அவ சம்பளத்துலதான்."

"நேத்தே நான் எழும்பி இடம் குடுத்திருப்பேன். இந்த முட்டு வலி விடல்ல."

நேற்று நேசமணியும் தூங்கிக்கொண்டுதான் வந்தாள். கண் மட்டும் பாதி திறந்திருந்தது.

பேட்டையில் கூட்டம் முட்டி மோதி ஏறியது. கூடைக்காரி ஒருத்தி மூச்சு வாங்க வந்து, விரித்த புடவையின் மேல் உட்காரப் போனாள்.

"அடியே, மடின்னு சொல்றேனே, காதுல விழலையா? பட்டுதோ, நான் திரும்பிப் போய்க் குளிக்கணும்!"

கூடைக்காரி திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். வழியில் நின்ற நாலைந்து பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விலகி நின்றார்கள்.

சுசீலாபாயால் பொறுக்க முடியவில்லை.

"மாமி, கோயிலையே எல்லாருக்கும் திறந்து விட்டாச்சு. உங்களுக்கு ரயில் பெஞ்சில தீட்டாக்கும்?"

"இருக்கட்டுமே."

"புள்ளைத்தாச்சி ஒருத்தி இப்ப ஏறுவா. அவளையும் விரட்டுவீங்களோ?"

மாமி புடவையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"கல்லு நெஞ்சு!" என்றாள் சுசீலாபாய், காதில் விழும்படியாகவே.

கழக்கூட்டம் வந்தது.

எலிசாள் இடுப்பில் ஒரு கையும் கம்பியில் ஒரு கையுமாக ஏறினாள். ஏழாம் மாதத்தில் ரயில் படி எத்தனை உயரம் என்பது சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே வந்தவள் இடம் தேடவே இல்லை. கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"ஏண்டி எலிசாள், அங்கே என்ன பண்றே?" என்றாள் வாலாம்பாள். "வா, வா. வந்து காலை நீட்டிக்கோ."

எலிசாள் விழித்தாள். "மாமி... அது உங்க மடிப் புடவைல்லா?"

"மடியாவது, மண்ணாவது! ஒரு ரயில் ஜனம் மேல இடிச்சுண்டு வர வண்டியில ஏதுடி மடி? பலகை உறுத்தப்படாதேன்னு விரிச்சேன். இந்தச் சுருளை முதுகுக்கு வச்சுக்கோ."

கையைப் பிடித்து உட்கார வைத்து, வீங்கிய இரண்டு கால்களையும் தானே தூக்கிப் புடவையின் மேல் வைத்தாள்.

கூடைக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ எங்களைப் பொய் பறஞ்சு ஏமாத்தினதா? உள்ளதைச் சொல்லியிருந்தா நாங்க மாற மாட்டோமோ?"

"நேத்து உள்ளதைத்தாம்மா சொன்னேன். சுமக்கிற பொண்ணு, கொஞ்சம் இடம் விடுங்கோன்னு பெட்டி பூராவும் கெஞ்சினேன். எழுந்து என் இடத்தைக் குடுத்தா, 'வேண்டாம் மாமி, நீங்க நிக்கப்படாது'ன்னு இவ உட்காரவே மாட்டேன்னுட்டா. வேற ஒருத்தரும் அசையலை. ஒருத்தருக்கு முட்டு வலி, ஒருத்தருக்குத் தூக்கம்."

சுசீலாபாய் தன் முழங்காலைப் பார்த்தாள். நேசமணி ஜன்னலைப் பார்த்தாள்.

"இன்னிக்கு மடின்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். ரெண்டு பேர் இடம் பேசாம காலியாயிடுத்து. இவ பிரசவம் வரைக்கும் நான் கல்லு நெஞ்சுக்காரியாவே இருந்துட்டுப் போறேன், என்ன இப்போ?"

எலிசாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைக்காவூரில் வண்டி நின்றது. வர்க்கலைக்குத் தொழப் போகும் புதுக் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. பட்டுக் கரை போட்ட புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி, எலிசாளின் கால்மாட்டில் காலி இடத்தைக் கண்டு விரைந்து வந்தாள்.

வாலாம்பாள் வாயைத் திறப்பதற்குள், முட்டு வலிக்காரி சுசீலாபாய் துள்ளி எழுந்து குறுக்கே நின்றாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, இரண்டு கையையும் விரித்துச் சத்தம் போட்டாள்:

"ஏ அம்மா, தொட்டுராதீங்க! மடியாக்கும்!"