மாதம் ஓர் ஊர்

தென்காசி ஹைருன் பீவிக்கு எழுத்து தெரியாது. ஜெர்மனியில் படிக்கும் மகன் மீரானின் கடிதங்களைத் தபால்காரர் வல்லிநாயகம்தான் வாசித்துக் காட்டுவார். 1958 தை மாதம் கல்லூரியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. மீரான் காய்ச்சலில் இறந்துவிட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தத் தாய் மோர்ச் செம்பை நீட்டியபடி நின்றாள். இன்று ஒரு நாள் மட்டும் இந்தப் பொய் என்று கடவுளிடம் சொல்லிக்கொண்டு, வல்லிநாயகம் "சுகமா இருக்கானாம். ரோம் பாத்தானாம்" என்றார்.

பிறகு மாதம் ஒருமுறை பழைய உறையைப் பிரித்து, தன் மகளின் பூகோளப் புத்தகத்தில் பார்த்த ஓர் ஊரைச் சொன்னார்.

"ஊரெல்லாம் சுத்துதானே, எப்பம் படிப்பான்? குத்தாலச் சாரலுக்காவது வருதானா, அண்ணாச்சி?"

"அடுத்த வருசம் வருதானாம்."

ஐந்தாம் வருட ஆனியில், மீரானின் கையெழுத்தில் வல்லிநாயகத்துக்கே ஒரு கடிதம் வந்தது.

'அண்ணாச்சி, நீங்கள் வாசித்த ஊருக்கெல்லாம் நான் போக வேண்டியதாயிற்று. எங்கும் பனி. கால் மரத்துவிட்டது. இந்தச் சாரலுக்கு வருகிறேன் என்று உம்மாவிடம் ஒருமுறை வாசியுங்கள்.'

அவர் நிமிர்ந்தபோது ஹைருன் பீவி மோர்ச் செம்போடு நின்றாள்.

"புள்ள கடுதாசியா? என்ன சொல்லுதான்?"

மேற்கே மலையில் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. வல்லிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருசம் வருதானாம்" என்று வாசித்தார்.