ஹெப்பிளின் கடிதங்கள்

மூன்றாவது கடிதத்தையும் பார்த்த பிறகு கிரேலுக்குத் தலை நிமிரத் தைரியம் வரவில்லை.

எதிரே இசபெல்லா ஹெப்பிள் கண்ணை மூடிக்கொண்டு அதே கடிதத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நேத்து ராத்திரி தகரக் கூரையில மழை விழுந்தது, நீ பாத்திரத்துல பட்டாணி கொட்டுற மாதிரியே இருந்துச்சு. எழுந்து உக்காந்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்.”

கடிதத்தில் மழையும் இல்லை, பட்டாணியும் இல்லை. கல் இறக்கியாகிவிட்டது. கம்பளிச் சட்டை இரண்டு அனுப்பு. புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொல். இப்படிக்கு, ஜோப் ஹெப்பிள்.

முதல் இரண்டும் இதே லட்சணம்தான்.

எட்வின் கிரேல் இருபது வருஷமாகப் பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதிப் பிழைப்பவர். பாலைவனம் கடந்தவர்கள், சிறைச்சாலைகளைத் திருத்தியவர்கள், பாலம் கட்டியவர்கள். இப்போது ஜோப் ஹெப்பிள். பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். பத்தொன்பதில் எழுத்துக் கூட்டக் கற்றவர். கருங்கடல் கரையில் துறைமுகச் சுவர் எழுப்பி, அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பொறியாளர்.

பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை.

சுவரைப் பற்றி எழுத மூட்டை மூட்டையாகக் காகிதம் இருந்தது. அந்த மனிதனுக்கும் ஒரு நெஞ்சு இருந்தது என்று காட்டத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அதைத் தேடித்தான் டைன் ஆற்றங்கரையின் இந்த நிலக்கரி ஊருக்கு ரயிலேறி வந்திருந்தார்.

புருஷன் கப்பலேறியபோது தனக்கு எழுத்து வாசனையே கிடையாது என்று இசபெல்லா முதலிலேயே சொல்லியிருந்தாள். கூடவே இருந்த அவன் அக்கா டோர்காஸ்தான் ஒவ்வொரு கடிதத்தையும் அடுப்படி மேசையில் உட்கார்ந்து வாசிப்பாள். போன குளிர்காலத்தில் டோர்காஸும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கிரேலுக்கு விளங்கிவிட்டது. இந்த வயதில் இவளிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கிறது என்றார்.

இசபெல்லா கண்ணைத் திறந்தாள்.

“பொய் வேணாம் ஐயா. நாத்தனாருக்குப் பார்வை மங்குனப்போ, அவளுக்கு வேதம் படிச்சுக் காட்ட நான் எழுத்துக் கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டதும் முதல்ல படிச்சது இதைத்தான்.”

அது டோர்காஸுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

சொல்லவே இல்லை என்றாள். பார்வை முழுக்கப் போன பிறகும், ஞாயிறுதோறும் ஜெபக்கூடம் முடிந்து வந்ததும் ஒரு கடிதத்தை எடுத்து நாத்தனார் கையில் கொடுப்பாளாம். டோர்காஸ் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிப்பாளாம். சில நாள் தலைகீழாக.

கிரேல் பேனாவைக் கீழே வைத்தார்.

“அவர் எழுதுனதை அவர் பேர்ல போடுங்க. கல்லு, சட்டை, எல்லாத்தையும். நான் சொன்னது அவ பேச்சு. போட்டா அவ பேரைச் சொல்லிப் போடுங்க, இல்லேன்னா விட்டுடுங்க. அதையும் தூக்கி அவருக்கே குடுத்துடாதீங்க.”

கிரேல் தலையாட்டினார். அந்த நேரத்தில் மனதாரத்தான் ஆட்டினார். பிறகு அவளை மறுபடி சொல்லச் சொல்லி, அத்தனையையும் குறித்துக்கொண்டார்.

லண்டனில் மூன்று வாரம் அந்த அத்தியாயத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கல்லும் சட்டையும் எழுதிப் பார்த்தார். கிழித்தார். ஈரமில்லாத ஒருவனைப் பார்த்து எந்த இளைஞன் முன்னுக்கு வருவான்? பதிப்பாளர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.

கோடையில் புத்தகம் வந்தது. துறைமுகச் சுவரைவிட அந்தக் கடிதங்களைத்தான் எல்லோரும் பேசினார்கள். புது மணப்பெண்களுக்கு அதைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

ஹெப்பிளின் ஊர்ப் போதகர் கிரேலுக்கு நன்றி தெரிவித்து எழுதியிருந்தார். ஜெபக்கூடத்தில், ஊரார் முன்னிலையில், மழைக் கடிதத்தை அவரே வாசித்தாராம். முன்வரிசையில் இருந்த திருமதி ஹெப்பிள் பாதியிலேயே எழுந்துவிட்டார். வாசலுக்குப் போவதற்குள் தாங்க முடியாமல் உடைந்து அழுதார். இத்தனை வருஷம் கழித்தும் கணவர் மேல் அந்த அம்மாளுக்கு எவ்வளவு பாசம் என்று ஊரே உருகிப்போனதாம்.

கிரேல் அதை இரண்டு முறை படித்தார்.

இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் போதகரின் கடிதத்தையும் சேர்த்துக்கொண்டார்.